கல்லாப்பெட்டியில் இருப்பது யாருடைய பணம்?

 

 

இஷாத் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்புகிறோம். பாதிக் கதவை இறக்கி விட்டுக் கல்லாப்பெட்டியைத் திறந்து அன்றைய வசூலை எண்ணுகிறோம். 2,000 வெள்ளி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். "இன்று இரண்டாயிரம் கிடைத்தது, அல்ஹம்து லில்லாஹ்!" என்கிறோம். இறைவனைப் புகழ்வது சரியே. ஆனால், கிடைத்தது என்கிறோமே, அது யாருக்குக் கிடைத்தது? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்கிறோம்?

அந்தப் பணத்தில் பருப்பையும் எண்ணெயையும் தவணைக்குத் தந்த மொத்த வியாபாரியின் பங்கு இருக்கிறது. கட்டடச் சொந்தக்காரருக்குரிய வாடகை இருக்கிறது. காலையில் கடை திறந்தது முதல் இரவு வரை கால் கடுக்க நின்ற பிள்ளைகளின் சம்பளம் இருக்கிறது. அவர்களுக்கு நாம் கட்ட வேண்டிய சேமநிதிப் பணமும் இருக்கிறது. விளக்குக்கும் தண்ணீருக்கும் உரிய கட்டணம் இருக்கிறது. ஏழையின் உரிமையான ஜகாத் இருக்கிறது. இத்தனையும் போக மீதியாய் நிற்கும் சிறு தொகையே நம்முடைய பணம். மற்றதெல்லாம் நம் பெட்டியில் தங்கியிருக்கும் அமானிதம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சேமிப்பு. அதைப் பேச வந்த இடத்தில் கல்லாப்பெட்டியை ஏன் திறக்கிறோம் என்று கேட்கலாம். காரணம் உண்டு. தன் பணம் எது, பிறர் பணம் எது என்று தெரியாதவனால் சேமிக்க முடியாது. அவன் சேர்த்து வைத்ததாக நினைப்பது பிறருடையதாக இருக்கும். அவன் தாராளமாகச் செலவு செய்ததும் பிறருடையதாகவே இருந்திருக்கும். நல்ல காலத்தில் இந்தக் கலப்பு வெளியே தெரிவதில்லை. கெட்ட காலம் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரிகிறது.

நம் பட்டணம் கண்ட சோதனைகள்

காலம் நிலையற்றது என்பதைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வியாபாரம் செய்பவர்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதன்பின் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காசு புழங்கியது. அதைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர்கள் 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் வெறும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். போர்க்காலத்தில் அந்தக் காசில் தீர்த்த கடன் தீர்ந்ததா, தீரவில்லையா என்ற வழக்குக்கு முடிவு காண 1948இல் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. எந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு என்ன மதிப்பு என்று அதில் அட்டவணை வகுத்தார்கள். கொடுத்த தேதியையும் வாங்கிய தேதியையும் எழுதி வைக்காதவனுக்கு அந்த அட்டவணையால் என்ன பயன்?

1969 மே 13இல் மூண்ட கலவரத்தில் இப்பட்டணத்துக் கடைகள் மூடிக் கிடந்தன. 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி கொடுத்து வந்தோம். 1998 ஜனவரியில் அதற்கே நாலே முக்கால் வெள்ளிக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டி நிறுத்தியது. 2005 ஜூலை வரை அந்தக் கட்டு நீடித்தது. வெளிநாட்டுச் சரக்கைத் தவணையில் எடுத்தவர்கள், விற்ற பிறகும் விலைக்கு ஈடு கட்ட முடியாமல் தவித்த காலம் அது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாட்டையே வீட்டுக்குள் அடைத்தது. ஏப்ரல் 7இல் மஸ்ஜித் இந்தியா சாலையில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய இரு கட்டடங்களையும் எவரும் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாதபடி அடைத்தார்கள். அவ்வாண்டு ரமலான் சந்தை இல்லை. பெருநாள் வியாபாரம் இல்லை. ஹஜ்ஜுக்குப் போக ஆயத்தமாக இருந்தவர்களுக்குப் பயணமும் இல்லை. 2021 டிசம்பரில் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் தாழ்ந்த பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. 2024 ஆகஸ்டு 23இல் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, நடந்து சென்ற ஒரு பெண்மணியை விழுங்கியது. ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அத்தெருவுக்கு வாடிக்கைக்காரர்கள் வரவே அஞ்சினார்கள்.

இவற்றில் எதுவும் முன்கூட்டிக் கடிதம் போட்டுவிட்டு வரவில்லை. இனி வரப்போவதும் கடிதம் போடாது.

தவக்குல் என்றால் என்ன?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நாளையைப் பற்றிக் கவலைப்படுவது ஈமானின் பலவீனம்" என்று சொல்லும் நல்ல மனிதர்கள் நம்மில் உண்டு. அவர்கள் உள்ளத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது மார்க்கமா என்று பார்க்க வேண்டும். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு அவனை நம்பு என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதில் சொன்னதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நளீர் கூட்டத்தாரின் தோட்டத்திலிருந்து வந்த பேரீச்சம்பழத்தில் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள் என்பதும் ஸஹீஹான ஹதீஸ்களில் இருக்கிறது. நாயகத்தை விடவா நாம் தவக்குல் உடையவர்கள்?

திருக்குர்ஆன் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் தனி ஓர் அத்தியாயமாக விரிக்கிறது. எகிப்து மன்னன் கண்ட கனவுக்கு அவர்கள் சிறையிலிருந்தபடியே விளக்கம் சொன்னார்கள். ஏழு ஆண்டு விடாமல் பயிர் செய்யுங்கள், உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக மீதியைக் கதிரிலேயே விட்டு வையுங்கள், பின்னால் கடுமையான ஏழு ஆண்டுகள் வரும் என்றார்கள். கனவுக்குப் பலன் சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை; தானியத்தைக் கெடாமல் வைக்கும் முறையையும் சேர்த்துச் சொன்னார்கள்.

பின்னர் மன்னனிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தமக்குள்ள இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார்கள். ஒன்று, காத்து வைக்கும் நேர்மை. மற்றொன்று, அதற்குரிய அறிவு. சகோதரர்களே! நம்மில் நேர்மையாளர் பலர் உண்டு. கணக்கு அறிந்தவர் குறைவு. கணக்கறிந்தவர் சிலர் உண்டு. அவர்களில் நேர்மை குறைந்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால்தான் களஞ்சியம் நிற்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் களஞ்சியத்துத் தானியம் யாருக்குப் பயன்பட்டது? பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஊராருக்கும் அயல்நாட்டாருக்கும் பயன்பட்டது. சிறுவயதில் அவர்களைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களின் வயிற்றையும் அது நிரப்பியது. நல்ல காலத்தில் ஒதுக்கி வைத்தது, கெட்ட காலத்தில் நம்மை நம்பியிருப்பவர்களின் உரிமையாகிறது. நம் சேமிப்பு நம் சிப்பந்தியின் மூன்று மாதச் சம்பளம். நம் மனைவி மக்களின் சோறு. சரக்குத் தந்தவரின் நிம்மதி. இதைக் கஞ்சத்தனம் என்று எவர் சொல்வார்?

ஜுபைர் (ரலி) அவர்களின் கணக்கு

சுவர்க்கத்திற்கு நன்மாராயம் சொல்லப்பெற்ற பத்துப் பேரில் ஒருவர் ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள். மக்கள் தங்கள் பணத்தை அவர்களிடம் அமானிதமாகக் கொண்டு வந்து கொடுப்பது வழக்கம். அவர்களோ, அமானிதமாக வேண்டாம், கடனாகக் கொடுங்கள், தொலைந்து போய்விடுமோ என்று அஞ்சுகிறேன் என்பார்கள். அமானிதம் தன் தவறின்றித் தொலைந்தால் ஈடு செய்யும் பொறுப்பில்லை. கடன் தொலைந்தாலும் திருப்பித் தந்தே தீர வேண்டும். பொறுப்பைத் தட்டிக் கழிக்க வழி இருந்தும், அதைத் தாமாகத் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டார்கள் அந்தப் பெருமகனார்.

ஹிஜ்ரி 36இல் ஜமல் போரன்று, தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைத் தீர்க்கும்படி வஸிய்யத் செய்தார்கள். அன்றே ஷஹீதானார்கள். மகனார் கணக்குப் பார்த்தார். கடன் 22 இலட்சம்! ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலமும் வீடுகளுமே இருந்தன. ஆனால் கணக்கு இருந்தது. கணக்கை ஏற்க மகனும் இருந்தார். மதீனாவை அடுத்திருந்த, 1,70,000க்கு வாங்கிய நிலத்தை 16 இலட்சத்துக்கு விற்றுக் கடன்களைத் தீர்த்தார்.

அத்துடன் வாரிசுகள் பாகம் கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் உடனே பிரித்துத் தரவில்லை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஜுபைர் மீது கடன் பாக்கி உள்ளவர்கள் வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தார்கள். எவரும் மீதியில்லை என்று உறுதியான பின்னரே பாகம் பிரித்தார்கள். அப்போதும் நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது.

இந்த வரலாற்றை நம் வீடுகளோடு ஒப்பிடுங்கள். நம்மில் ஒரு முதலாளி திடீரென மவுத்தாகிறார். மய்யித்தை அடக்கி மூன்று நாள் ஆகவில்லை. கடைக்குச் சரக்குத் தந்தவர் வருகிறார், நகையை அடகு வைத்துக் கொடுத்த மைத்துனர் வருகிறார், கைமாற்றுக் கொடுத்த பக்கத்துக் கடைக்காரர் வருகிறார். எவருக்கு எவ்வளவு என்று கேட்டால் மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. வர வேண்டிய பாக்கி எங்கெங்கே என்பதும் தெரியாது. தெரிந்த ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். கடன் வைத்து இறந்தவர் அதைத் தீர்க்க எதுவும் விட்டுச் செல்லாதபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழும்படி சொன்னதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே முன்வந்து ஜனாஸாத் தொழுகை நடத்தியதும் நமக்குத் தெரியாததல்லவே!

முதலாளிக்கும் சம்பளம் உண்டு

அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் துணியைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி) அவர்களும் அபூஉபைதா (ரலி) அவர்களும் இடைமறித்து, பொதுநிதியிலிருந்து அவர்களுக்கு ஓர் அளவான படி நிர்ணயிக்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு நாட்டின் நிதியே கையில் இருந்தும் அந்தப் படிக்கு மேல் எடுக்கவில்லை. மரண வேளையில், அப்படி வாங்கியதையும் தம் சொத்திலிருந்து திருப்பிச் செலுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நம் கடைகளில் நடப்பது என்ன? பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணமா, கல்லாவில் கை. ஊரிலிருந்து மச்சான் வந்தாரா, கல்லாவில் கை. காருக்குத் தவணையா, கல்லாவில் கை. சிப்பந்தி பத்து வெள்ளி எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. முதலாளி எழுதாமல் நூறு எடுத்தால் அதற்குப் பெயரே இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர்கள். கல்லாவிலிருந்து எடுப்பதை மட்டும் அளக்காமல் எடுக்கலாமா?

ஆகையால் முதல் வேலை இது. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு. முதலாளி தமக்கென மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, முதல் தேதியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது போதாவிட்டால் வீட்டுச் செலவு குறைய வேண்டும், கல்லா குறையக்கூடாது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத விற்பனை 60,000 வெள்ளி. சரக்கு விலை 42,000. வாடகை 5,000. சேமநிதி, சொக்சோ உட்படச் சம்பளம் 6,500. மின்சாரம், தண்ணீர், மற்றவை 1,500. மீதி 5,000. விற்பனையில் பன்னிரண்டில் ஒரு பங்கே அவருடையது! அந்த 5,000இல் வீட்டுக்குச் சம்பளம் 3,500. கடைக்கு ஆபத்து நிதி 900. முதுமைக்கும் ஹஜ்ஜுக்கும் 400. ஜகாத்துக்கென முன்கூட்டி ஒதுக்குவது 200. மூன்று மாத வாடகையும் சம்பளமும் 34,500 வெள்ளி ஆகும். மாதம் 900 வீதம் ஒதுக்கினால் மூன்று ஆண்டுக்குச் சற்று மேலே ஏறக்குறைய அத்தொகை சேர்ந்துவிடும். மூன்று ஆண்டா என்று மலைக்க வேண்டாம். யூசுப் நபி (அலை) அவர்கள் ஏழு ஆண்டு அல்லவா சேர்த்தார்கள்!

எங்கே சேர்ப்பது?

வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வங்கியில் போடாமல் தலையணைக்கடியிலும் அரிசிப் பானையிலும் வைத்த காலம் ஒன்றிருந்தது. மலாய் சகோதரர்கள் ஹஜ்ஜுக்காக அப்படிச் சேர்த்தார்கள். பலர் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய், திரும்பி வந்து வறுமையில் உழன்றார்கள். இதைக் கண்டு மனம் வருந்திய பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் அவர்கள் 1959இல் ஒரு திட்டம் எழுதி அரசாங்கத்திடம் தந்தார். அதன் பயனாக 1963இல் ஹஜ்ஜுப் பயணிகள் சேமிப்புக் கழகம் வேலை தொடங்கியது. 1,281 பேர் சேர்ந்து போட்ட பணம் 46,600 வெள்ளி. அதுவே 1969இல் ஹஜ்ஜு அலுவலகத்துடன் இணைந்து, இன்று தாபோங் ஹாஜி என்று 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமிக்கும் இடமாக வளர்ந்துள்ளது.

அப்பெரிய நிறுவனத்துக்கும் ஒரு சோதனை வந்ததை மறைக்க வேண்டியதில்லை. அதன் சொத்து, மக்களுக்குத் தர வேண்டியதை விடக் குறைந்திருந்தது 2018இல் வெளியாயிற்று. 19.9 பில்லியன் வெள்ளிச் சொத்துக்களை அரசாங்கத்தின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றி அதை நிமிர்த்தினார்கள். கோடிக்கணக்கில் வைத்திருப்பவருக்கும் நாற்சந்தியில் ஒட்டுக்கடை வைத்திருப்பவருக்கும் கேள்வி ஒன்றே: கையில் இருப்பது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு?

இந்நாட்டில் வட்டியில்லா வங்கி 1983இலேயே தோன்றிவிட்டது. ஆகவே மார்க்கத்தைக் காரணம் காட்டி ரொக்கத்தைக் கடையில் குவித்து வைக்கத் தேவையில்லை. உறுப்பு வங்கி எதிலும் ஒருவர் போடும் வைப்புத்தொகைக்கு 2,50,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் பொறுப்பேற்கிறது.

சம்பளக்காரருக்கு 1951 முதல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. சொந்தக் கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? அவரும் தாமாக அதில் சேரலாம். ஐ-சாரான் திட்டத்தில் 60 வயதுக்குட்பட்ட குடிமக்கள் போடும் தொகைக்கு, 2025 முதல் அரசாங்கம் நூற்றுக்கு 20 வீதம், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துத் தருகிறது. ஆண்டில் 2,500 போட்டால் முழு 500உம் வந்துவிடும். 2017 முதல் ஷரீஅத் முறையிலான சேமிப்பையும் அங்கே தேர்ந்து கொள்ளலாம். 2020 முதல் 2022 வரை நோய்க்காலத் தேவைக்காக மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்தது 145 பில்லியன் வெள்ளி. இருந்ததால் எடுத்தார்கள். அதில் சேராத நம் கடைக்காரர்கள் எதை எடுத்தார்கள்? மனைவியின் கழுத்தில் இருந்ததை அன்றோ எடுத்தார்கள்!

கவனிக்க வேண்டிய ஒன்று: சேமநிதியில் ஒரு முஸ்லிம் எழுதிவைக்கும் நியமனதாரர் அப்பணத்தின் சொந்தக்காரர் அல்லர். ஷரீஅத் வகுத்த பாகப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரே அவர். மூத்த மகன் பெயரை எழுதியதால் அது மூத்த மகனுக்கே என்று எண்ணி வீட்டில் வழக்கு வளர்க்க வேண்டாம்.

ஒதுக்கக் கூடாத விதம்

சேமிப்பு என்ற பெயரில் மூன்று பாவங்கள் உள்ளே நுழையக்கூடும்.

முதலாவது, ஜகாத் கொடுக்காமல் சேர்ப்பது. பொன்னையும் வெள்ளியையும் அல்லாஹ்வின் பாதையில் செலவிடாமல் குவிப்போருக்குத் திருமறையின் எச்சரிக்கை கடுமையானது. கையிருப்பு ரொக்கம், சரக்கின் மதிப்பு, வர வேண்டிய நல்ல பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, உடன் கொடுக்க வேண்டிய கடன்களைக் கழித்துப் பாருங்கள். 85 கிராம் பொன்னின் மதிப்பை எட்டி ஓராண்டு நிறைந்தால், நாற்பதில் ஒன்று ஜகாத். கோலாலம்பூரில் உள்ளவர்கள் கூட்டரசுப் பிரதேச ஜகாத் நிலையத்திலும், கிள்ளானில் உள்ளவர்கள் சிலாங்கூர் ஜகாத் வாரியத்திலும் செலுத்தலாம். கணக்கு இல்லாதவன் ஜகாத்தையும் குத்துமதிப்பாகவே கொடுப்பான். பிறருடைய பங்கைக் குத்துமதிப்பாகக் கொடுக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இரண்டாவது, சரக்கைப் பதுக்குவது. பணத்தை ஒதுக்குவது வேறு. விலை ஏறட்டும் என்று எண்ணெயையும் சீனியையும் அறைக்குள் அடுக்கிப் பூட்டுவது வேறு. பின்னதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பேராசை. இரண்டு மாதத்தில் இரட்டிப்பு என்று கைப்பேசியில் வரும் அழைப்புகளில் நம்மவர்கள் எத்தனை பேர் முதலை இழந்தார்கள் என்பதை ஊர் அறியும். எந்த வியாபாரம் செய்து அந்த இலாபம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். வாயால் விளக்கம் வராவிட்டால் கையிலிருந்து பணம் போகக்கூடாது. கூட்டுச் சீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். அதை வியாபாரமாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் 'கூட்டு' என்ற சொல் அச்சட்டத்தின் பெயரிலேயே ஏறி நிற்கிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

கடன் தலைக்கு மேல் போய்விட்டதா? சுவரொட்டியில் எண் ஒட்டும் வட்டிக்காரனிடம் ஓடாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக வழி சொல்கிறது. வெட்கப்படுவதாயின் வட்டிக்கு வாங்க வெட்கப்படுங்கள். ஆலோசனை கேட்க வெட்கப்படாதீர்கள்.

கை கழுத்தோடு கட்டப்பட்டதாகவும் இருக்கக்கூடாது, முற்றிலும் விரிக்கப்பட்டதாகவும் இருக்கக்கூடாது என்பது திருக்குர்ஆனின் அறிவுரை. நம் சமூகத்தில் விரித்த கைகளே அதிகம். ஒரு மகளின் கலியாணத்துக்கு மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குப் பிரியாணி. பின்பு பத்தாண்டுக் கடன். சொந்த ஊரில் மூன்று மாடி வீடு. உள்ளே காவலுக்கு ஒரு கிழவி, இங்கே கடைக்கு வாடகை பாக்கி. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக்கு அடித்த வர்ணத்தில் எந்தச் சிப்பந்தியின் சம்பளம் கலந்திருக்கிறது என்று எவர் கேட்கப் போகிறார்? மறுமையில் கேட்பான் ஒருவன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

நீண்ட உரையைக் கேட்டுவிட்டுப் பழையபடி கல்லாவில் கை விடுவதில் பயனில்லை. இவ்வாரம் ஜும்ஆவுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோம். சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குவோம். முதல் பக்கத்தில் நாம் கொடுக்க வேண்டியது: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி. இரண்டாம் பக்கத்தில் நமக்கு வர வேண்டியது. மூன்றாம் பக்கத்தில் வங்கிக் கணக்குகள், தாபோங் ஹாஜி, சேமநிதி, நிலம், நகை, பிறர் நம்மிடம் வைத்த அமானிதம். நான்காம் பக்கத்தில் நம் வஸிய்யத். கடனை எழுதி வையுங்கள் என்ற கட்டளையைத் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனத்தில் இறைவன் அருளியிருக்கிறான். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நாயகத்தின் போதனை.

எழுதி முடித்ததும் அந்தப் புத்தகத்தை மனைவியிடம் காட்டுங்கள். "அவளுக்கு வியாபாரம் என்ன தெரியும்?" என்று கேட்கும் சகோதரருக்கு, அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வர்த்தகப் பெருமாட்டி என்பதை நினைவூட்டுகிறோம். நாம் கண்ணை மூடிய மறுநாள் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லப் போகிறவள் அவள்தான். அந்தப் பதிலை இன்றே அவள் கையில் கொடுத்துவிடுவோம்.

மக்காவைவிட்டுப் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்ல வாளோடு சூழ்ந்து நின்ற ஊராரின் அமானிதங்களைத் திருப்பித் தருவதற்காக அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த வேளையிலும் எது யாருடையது என்ற கணக்கு அவர்களிடம் தெளிவாக இருந்தது. அவர்களுடைய உம்மத்தாகிய நாம், அமைதியாகக் கடை நடத்தும் இந்த இரவில் அக்கணக்கைப் பார்க்காமல் உறங்கலாமா?

இன்றிரவு கல்லாப்பெட்டியைத் திறக்கும்போது, "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கும் முன், "இது யாருடையது?" என்று கேட்போம். பிறருடையதை அவரவர் பேரில் ஒதுக்குவோம். நம்முடையதில் ஒரு பங்கை நாளைக்கென்று கதிரிலேயே விட்டு வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! அதில் பரக்கத்துச் செய்வாயாக! கடனின் பளுவிலிருந்தும் வறுமையின் இழிவிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! பிறர் பணத்தோடு எங்கள் கபுருக்குள் எங்களை இறக்கி விடாதிருப்பாயாக! எங்களுக்கு முன் இந்தத் தெருக்களில் கடை நடத்தி மறைந்த எங்கள் பெரியோர்களின் பிழைகளை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.